சக்கரம் நிற்கும் நேரத்துக்குக் கூலி உண்டா? புதிய லாரி டிரைவர்களுக்கான சம்பளக் கணக்கு

வேலை விளம்பரத்தில் தொகையைப் பார்ப்பதற்கு முன்னால், அதன் பக்கத்தில் 'வரை' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். 'மாதம் இவ்வளவு வரை சம்பாதிக்கலாம்' என்றால், அந்த நிறுவனத்தில் பத்து வருடம் ஓட்டிய யாரோ ஒருவர், வண்டி ஒரு நாள்கூடப் பட்டறைக்குப் போகாத ஒரு மாதத்தில், அந்தத் தொகையை வாங்கியிருக்கிறார் என்று அர்த்தம். பொய் என்று சொல்ல முடியாது. முதல் வருடத்தில் உங்கள் கைக்கு வரப்போவது அது இல்லை, அவ்வளவுதான்.

நான் சில வருடம் ஓட்டினேன். அப்புறம் சில வருடம் டிரைவர்களுக்குச் சம்பளக் கணக்கு போடும் மேசையில் உட்கார்ந்தேன். ஓட்டிய காலத்தில் ஏன் குறைகிறது என்று புரியாத பணம் எந்த வழியாகப் போகிறது என்பது அந்த மேசைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. பெரும்பாலும் யாரும் திருடுவதில்லை. இந்தத் தொழிலில் சக்கரம் உருண்டால்தான் கூலி. டிரைவரின் நேரமோ வண்டி நிற்கும்போதும் கரைந்துகொண்டே இருக்கிறது. இந்த இடைவெளியை அளக்கத் தெரிந்துவிட்டால் எந்த விளம்பரத்தையும் பத்து நிமிடத்தில் எடை போட்டுவிடலாம்.

தொகை நாட்டுக்கு நாடு மாறும். அதனால் இங்கே பணத்தின் பெயரே இல்லாமல் வெறும் எண்ணாகக் கணக்குப் போடுகிறேன். உங்களுடைய பணத்தை அந்த இடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: எதை அளந்து கூலி தருகிறார்கள்?

மாதச் சம்பளம், மணிக்கூலி, கிலோமீட்டர் அல்லது மைல் கணக்கு, டிரிப் கணக்கு, வாடகையில் (சரக்கை அனுப்புபவர் நிறுவனத்துக்குத் தரும் கட்டணத்தில்) சதவீதம். உலகம் முழுக்கச் சுற்றினாலும் லாரி டிரைவர் கூலி இந்த ஐந்துக்குள் அடங்கிவிடும். பல இடங்களில் இரண்டைக் கலந்து தருவார்கள்: கொஞ்சம் நிலையான சம்பளம், மேலே டிரிப் படி.

மாதச் சம்பளமும் மணிக்கூலியும் விளங்குவதற்கு எளிது. வண்டி நின்றாலும் ஓடினாலும் உங்கள் நேரத்துக்குக் காசு. உள்ளூர் விநியோகம், கட்டுமானப் பொருள் ஏற்றுவது, துறைமுகத்துக்கும் கிடங்குக்கும் நடுவே ஓடுவது போன்ற வேலைகளில் இதைப் பார்க்கலாம். எண் கவர்ச்சியாக இருக்காது, ஆனால் சொன்னது வரும். மணிக்கூலியில் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: நேரம் எப்போது தொடங்குகிறது, வண்டி நிறுத்துமிடத்துக்கு நீங்கள் வந்ததிலிருந்தா, வண்டி கேட்டைத் தாண்டியதிலிருந்தா? டயர், பிரேக், விளக்கு எல்லாம் பார்த்து, காகிதங்களை வாங்கிக் கிளம்ப அரை மணி நேரம் ஆகும். மாதம் 25 நாள் வேலை என்றால் அது மட்டுமே பன்னிரண்டரை மணி நேரம்.

கிலோமீட்டர் கணக்கில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். 'ஒரு கிலோமீட்டருக்கு இவ்வளவு' என்றதும் மனம் உடனே அதை மாதத்தின் பெரிய தூரத்தோடு பெருக்கிவிடுகிறது. எந்தக் கிலோமீட்டர் என்று கேட்கத் தோன்றுவதில்லை. வண்டியின் மீட்டர் காட்டும் தூரத்துக்கா, நிறுவனத்தின் கணினி இரண்டு ஊருக்கு நடுவே கணக்கிடும் தூரத்துக்கா? இரண்டும் ஒன்றாக இருப்பது அபூர்வம். கணினி குறுக்கு வழியைக் காட்டும். நீங்கள் பாலத்தின் உயரம், எடைத் தடை, ஊருக்குள் கனரக வாகனத் தடை எல்லாவற்றையும் சுற்றிப் போவீர்கள். அமெரிக்காவில் அஞ்சல் குறியீட்டுக்கு அஞ்சல் குறியீடு என்று தூரம் கணக்கிடும் வழக்கம் ரொம்ப நாளாக உண்டு. மீட்டரில் ஓடியதைவிட அது குறைவாகவே வரும் என்பது அங்குள்ள டிரைவர்களின் பழைய புலம்பல்.

அடுத்தது, காலி வண்டி. லோடு இறக்கிய இடத்திலிருந்து அடுத்த லோடு இருக்கும் இடம் வரை காலியாக ஓட்டும் தூரத்துக்கு முழுக் கூலியா, பாதியா, ஒன்றுமே இல்லையா? காலி வண்டி ஓட்டுவதும் ஓட்டுவதுதான். டீசல் குறையும், கண் எரியும். இதற்குக் கூலி இல்லை என்று சொல்லும் இடத்தில், அடுத்த லோடு எவ்வளவு தூரத்தில் கிடக்கிறது என்பதைப் பற்றி அலுவலகத்துக்கு அக்கறை இருக்காது. அவர்களுக்கு அதில் செலவு டீசல் மட்டும்தான்.

டிரிப் கணக்கு என்றால் தூரம், நேரம் இரண்டின் சுமையும் உங்கள் தலையில். மழை, மறியல், எல்லைச் சாவடியில் வரிசை, எது வந்தாலும் டிரிப்புக்கு ஒரே தொகைதான். வாடகையில் சதவீதம் என்றால், அந்த வாடகை எவ்வளவு என்று காட்டும் ரசீதைப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டா என்பதை முதல் நாளே எழுத்தில் வாங்குங்கள். எதனுடைய சதவீதம் என்றே தெரியாமல் சதவீதத்துக்கு ஓட்டுவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவது போலத்தான்.

இங்கே ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒரு விதியைச் சொல்ல வேண்டும். 2006-ஆம் ஆண்டின் 561-ஆம் எண் ஒழுங்குமுறையின் 10-ஆம் பிரிவு, ஓட்டிய தூரம், சரக்கு போய்ச் சேரும் வேகம், ஏற்றிய அளவு இவற்றோடு கட்டிப்போட்ட கூலி சாலைப் பாதுகாப்பைக் கெடுக்கும் விதத்தில் இருந்தால் அதைத் தரக் கூடாது என்கிறது. தூரத்துக்குக் கூலி என்பது டிரைவரை எதை நோக்கித் தள்ளும் என்று சட்டம் எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

இரண்டாம் படி: ஒரு டிரிப்பை மணிநேரத்தில் போட்டுப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் வேறெதையும் படிக்காவிட்டாலும் இதைப் படித்துவிடுங்கள்.

கிலோமீட்டருக்கு 1 என்று கூலி. 800 கிலோமீட்டர் டிரிப். ஆக 800. சராசரி வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் 13 மணி 20 நிமிட ஓட்டம். ஓட்டிய ஒவ்வொரு மணிக்கும் 60 கிடைக்கிறது. விளம்பரத்தில் வருவது இந்தக் கணக்குதான்.

இனி நிஜத்தில் நடப்பது. திங்கள் காலை ஐந்தரைக்கு வண்டி நிறுத்துமிடத்திலிருந்து கிளம்புகிறீர்கள். லோடு ஏற்றும் கிடங்கு 60 கிலோமீட்டர், காலி வண்டி, ஒன்றரை மணி நேரம். ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்தால் முன்னால் ஆறு வண்டி நிற்கிறது. பதினொன்றுக்குத்தான் ஏற்றி முடிக்கிறார்கள். அன்றைக்கு 480 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இரவு வழியில் தங்கல். செவ்வாய் மதியம் இறக்கும் இடத்துக்குப் போனால், 'இன்றைக்கு ஆள் இல்லை, நாளைக் காலை வாருங்கள்' என்கிறார்கள். புதன் காலை ஏழுக்கு வரிசையில் நிற்கிறீர்கள். பத்து மணிக்கு இறக்கி முடிகிறது.

கூட்டுவோம். காலி ஓட்டம் ஒன்றரை மணி, ஏற்றுவது 4 மணி, ஓட்டம் 13 மணி 20 நிமிடம், வண்டிச் சோதனை, டீசல், காகித வேலை எல்லாம் 1 மணி 10 நிமிடம், இறக்குவது 3 மணி. மொத்தம் 23 மணி நேர வேலை. 800-ஐ 23-ஆல் வகுத்தால் சுமார் 35. வீட்டை விட்டு வெளியே இருந்த நேரமோ, திங்கள் ஐந்தரையிலிருந்து புதன் பத்து வரை 52 மணி 30 நிமிடம். அதால் வகுத்தால் 15 சொச்சம்.

60, 35, 15. மூன்றும் ஒரே டிரிப்பின் கூலிதான். அலுவலகம் முதல் எண்ணைச் சொல்லும். உங்கள் உடம்புக்கு இரண்டாவது எண். வீட்டில் இருப்பவர்களுக்கு மூன்றாவது.

இதே டிரிப்பை வேறு விதிகளோடு போடுங்கள். காலி ஓட்டத்துக்கும் முழுக் கூலி உண்டு: 60 கூடுகிறது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் முதல் இரண்டு மணி நேரம் போக மிச்சக் காத்திருப்புக்கு மணிக்கு 30 உண்டு: ஏற்றும் இடத்தில் 2 மணி, இறக்கும் இடத்தில் 1 மணி, ஆக 90. மொத்தம் 950. வேலை மணிக்குச் சுமார் 41.

மூன்றாவதாக ஒரு நிறுவனம், 'நாங்கள் எல்லாரையும்விடப் பத்து சதவீதம் அதிகம் தருகிறோம்' என்கிறது. கிலோமீட்டருக்கு 1.10. காத்திருப்புக்கும் காலி ஓட்டத்துக்கும் எதுவும் இல்லை. 880. அதிக விகிதம் தருகிற இடத்தில் 70 குறைவு! விகிதத்தை மட்டும் பார்த்து வேலை மாறுகிறவர்களிடம் நான் எப்போதும் காட்டுவது இந்த உதாரணத்தைத்தான். அவர்கள் ஒத்துக்கொள்ள முதல் சம்பளச் சீட்டு வரவேண்டியிருக்கும்.

காத்திருப்பு சின்ன விஷயம் இல்லை. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2018 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை, ஏற்றி இறக்கும் இடங்களில் நடக்கும் தாமதம் அந்த நாட்டின் வாடகை லாரி டிரைவர்களுக்கு வருடத்துக்கு 110 கோடி முதல் 130 கோடி டாலர் வரை வருமானத்தைக் குறைக்கிறது என்று மதிப்பிட்டது. சராசரியாக 15 நிமிடம் கூடுதலாக நின்றால் எதிர்பார்க்கக்கூடிய விபத்து விகிதம் 6.2 சதவீதம் உயரும் என்றும் அதே அறிக்கை சொன்னது. கிடங்கில் இழந்த நேரத்தைச் சாலையில் பிடிக்கப் பார்ப்பதால் வருவது அது.

மூன்றாம் படி: சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பு எவ்வளவு?

ஒரு விளம்பரத்தின் கணக்கு நிஜத்தில் நடக்கக்கூடியதுதானா என்று பார்க்க எளிய வழி, உங்கள் நாட்டின் ஓட்டுநேரச் சட்டத்தை அதன் மேல் வைத்துப் பார்ப்பது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு நாளைக்கு 9 மணி நேரம்தான் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. நாலரை மணி ஓட்டத்துக்குப் பின் 45 நிமிட இடைவேளை. ஒரு வாரத்தில் 56 மணி, அடுத்தடுத்த இரண்டு வாரங்களைச் சேர்த்து 90 மணி. அப்படியென்றால் நாலு வாரத்துக்கு 180 மணி. சராசரி 65 கிலோமீட்டர் வேகம் என்று தாராளமாக வைத்தாலும் 11,700 கிலோமீட்டர்தான் வரும். அங்கே யாராவது நாலு வாரத்துக்கு 14,000 கிலோமீட்டர் கணக்கில் சம்பளம் காட்டினால், சட்டத்தை மீறி ஓட்டச் சொல்கிறார்கள், அல்லது நடக்காத கணக்கைக் காட்டுகிறார்கள்.

அமெரிக்காவில் 10 மணி நேர ஓய்வுக்குப் பிறகு, வேலை தொடங்கியதிலிருந்து 14 மணி நேரத்துக்குள் 11 மணி ஓட்டலாம். 8 நாளில் 70 மணி நேரத்துக்கு மேல் பணியில் இருந்துவிட்டு வண்டி ஓட்டக் கூடாது. கவனியுங்கள், கிடங்கில் பணியாகப் பதிவாகும் நேரமும் அந்த 70-இல் போய்விடும். கூலி கிடைக்காத நேரம், கூலி கிடைக்கக்கூடிய நேரத்தையும் தின்கிறது. ஆஸ்திரேலியாவில் தனியாக ஓட்டுபவருக்கு வழக்கமான விதிப்படி 24 மணி நேரத்துக்குள் 12 மணி நேர வேலை. இந்தியாவில் 1961-இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வகுத்தது. நடைமுறையில் அது எந்த அளவுக்கு இருக்கிறது என்பது லாரியில் ஒரு வாரம் போய்வந்தவர்களுக்குத் தெரியும்.

முன்பு லாக் புக்கில் பேனாவால் எழுதிச் சமாளித்த காலம் உண்டு. ஐரோப்பாவில் 2006 மே முதல் புதிய வண்டிகளில் ஓட்டும் நேரத்தைத் தானே பதியும் டிஜிட்டல் டாக்கோகிராஃப், அமெரிக்காவில் 2017 டிசம்பர் முதல் மின்னணுப் பதிவுக் கருவி என்று வந்தபின், கூடுதலாக ஓட்டிச் சம்பாதிக்கும் வழி அங்கே பெரிதும் அடைபட்டுவிட்டது. இருபது வருடம் முன்பு ஓட்டிய மாமா சொல்லும் வருமானத்தை வைத்து இன்றைக்குக் கணக்குப் போட வேண்டாம்.

மிகைநேரக் கூலியையும் உங்களுக்கு உண்டு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவின் 1938-ஆம் ஆண்டு நியாயமான தொழிலாளர் தரச் சட்டம் வாரம் 40 மணிக்கு மேல் ஒன்றரை மடங்கு தரச் சொல்கிறது. மாநிலம் விட்டு மாநிலம் ஓடும் கனரக லாரி டிரைவர்களுக்கு அதிலிருந்து விலக்கு. சட்டத்தில் 'மிகைநேரம்' என்ற சொல் இருப்பது வேறு, அது லாரிக்குப் பொருந்துவது வேறு.

நாலாம் படி: முதல் மூன்று மாதத்தைத் தனியாகக் கணக்கிடுங்கள்

உரிமம் வாங்கிய கையோடு முழுச் சம்பளம் ஆரம்பிக்காது. முதலில் பயிற்சிச் செலவு. அமெரிக்காவில் 2022 பிப்ரவரி 7 முதல், பதிவு பெற்ற பயிற்சி நிலையத்தில் படித்த பிறகே முதல் கனரக உரிமத்துக்காக வண்டி ஓட்டிக் காட்டும் தேர்வுக்குப் போக முடியும். ஐரோப்பிய ஒன்றியத்தில் தொழில்முறை டிரைவருக்கு ஆரம்பத் தகுதிப் பயிற்சி 280 மணி, விரைவு முறையில் 140 மணி. அப்புறம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை 35 மணி. இந்தச் செலவை நிறுவனமே ஏற்றால், பதிலுக்கு 'ஒரு வருடம் விலக மாட்டேன், விலகினால் திருப்பித் தருவேன்' என்று கையெழுத்து கேட்பார்கள். கையெழுத்து போடலாம், தப்பில்லை. ஆனால் இரண்டு விஷயத்தை அந்தத் தாளிலேயே பார்த்துவிடுங்கள்: மாதம் ஆக ஆகக் கடன் குறைகிறதா, அல்லது பதினோராம் மாதம் விலகினாலும் முழுத் தொகையா? அவர்களே உங்களை அனுப்பிவிட்டால் யார் கட்டுவது?

பிறகு மூத்த டிரைவரோடு ஓடும் சில வாரங்கள். சில இடங்களில் இந்தக் காலத்துக்கு நாளொன்றுக்கு ஒரு நிலையான தொகை மட்டும் தருவார்கள்; நீங்கள் ஓட்டிய கிலோமீட்டரும் மூத்தவர் கணக்கில் போகும். கொஞ்சம் கசக்கும். ஆனாலும் நல்ல ஆள் அமைந்தால் அந்தச் சில வாரம்தான் இந்தத் தொழிலில் மலிவாகக் கிடைக்கும் படிப்பு. ரிவர்ஸ் எடுப்பதை அவரிடமே நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். முதல் வருடத்தில் டிரைவரின் பணத்தை அதிகம் தின்னும் இடி, முன்னால் போகும்போது விழுவதில்லை.

தனியாக வண்டி கிடைத்த பிறகும் தூரம் உடனே ஏறாது. புதியவருக்குப் பழைய வண்டி வரும். அது அடிக்கடி பட்டறைக்குப் போகும். கிடங்கில் எந்த வாசல், யாரிடம் சீட்டு வாங்குவது என்று தெரியாமல் அரை மணி போகும். அவசர லோடு தெரிந்த ஆளுக்குத்தான் போகும். என் மேசைக் காலத்து வழக்கத்தைச் சொல்கிறேன்: முதல் மூன்று மாதத்துக்கு, விளம்பரத்தில் சொன்ன தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கு என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்த வருமானத்தில் வீட்டுச் செலவு நடக்குமா என்று பாருங்கள். நடக்காது என்றால், சேர்வதற்கு முன் இரண்டு மாதச் செலவுக்காவது கையில் சேமிப்பு வேண்டும். முன்பணம் வாங்கிச் சமாளிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு அடுத்த படி.

ஐந்தாம் படி: பேட்டா, முன்பணம், பிடித்தம்

படி என்றால் இந்தத் தொழிலில் வேறு அர்த்தமும் உண்டு. பேட்டா என்கிற தினப்படி, கையில் ரொக்கமாக வருவதால் சம்பளத்தைவிட இனிக்கும். அது வழிச்செலவுக்கான பணம். சாப்பாடு, குளியல், வண்டி நிறுத்தம், போன் எல்லாம் அதிலிருந்துதான். வண்டியிலேயே அடுப்பு வைத்துச் சமைத்து மிச்சம் பிடிப்பவர்கள் உண்டு. எல்லாராலும் முடியாது, எல்லா இடத்திலும் அனுமதியும் இல்லை.

சில நிறுவனங்கள் சம்பளத்தைச் சின்னதாக்கி, படியைப் பெரிதாக்கும். கையில் வருவது கூடுதலாகத் தெரியும், வரியும் குறையும். ஆனால் ஓய்வூதியப் பங்களிப்பு, விபத்து இழப்பீடு, வங்கிக் கடன் தகுதி என்று பின்னால் வரும் பலவும் பெரும்பாலும் அடிப்படைச் சம்பளத்தைப் பார்த்தே கணக்கிடப்படும். உடம்பு சரியில்லாமல் இரண்டு மாதம் வீட்டில் இருக்க நேர்ந்தால் படி வராது. இரண்டு வேலைகளை ஒப்பிடும்போது மொத்தத் தொகைக்குப் பக்கத்தில், அதில் எவ்வளவு அடிப்படைச் சம்பளம் என்பதையும் எழுதுங்கள்.

முன்பணம் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. வாங்காமல் இருக்க முடிந்தால் வாங்காதீர்கள். கணக்கு நேர் ஆகாதவரை நீங்கள் வேலை மாற முடியாது. மாற முடியாத ஆளுக்கு நல்ல லோடு கொடுக்க யாரும் அவசரப்பட மாட்டார்கள்.

பிடித்தங்களில் வரி, காப்பீடு போன்றவை எல்லா வேலையிலும் உள்ளவை. லாரிக்கென்று உள்ளவை வேறு: சரக்குச் சேதம், வண்டிச் சேதம், டீசல் குறைவு, தார்ப்பாய், கயிறு, அபராதம். வேகத்துக்கான அபராதம் உங்களுடையது, சரி. அதிக எடைக்கான அபராதம் யாருடையது? பிரேக் விளக்கு எரியாததற்கு? சம்பளத்திலிருந்து சேதத்துக்குப் பிடிப்பதைப் பல நாடுகளின் சட்டம் கட்டுப்படுத்துகிறது. உங்கள் நாட்டில் எவ்வளவு வரை பிடிக்கலாம் என்று தொழிலாளர் அலுவலகத்திலோ சங்கத்திலோ ஒரு தடவை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். டீசல் விஷயத்தில், ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று அவர்கள் எதிர்பார்க்கிறார்கள் என்பதையும், உங்களுக்குத் தரும் வண்டி கடைசி மூன்று மாதம் எவ்வளவு கொடுத்தது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். புது வண்டிக்குப் போட்ட அளவைப் பழைய வண்டிக்குப் போட்டுவிட்டு, மிச்சத்தை டிரைவர் சம்பளத்தில் பிடித்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஆறாம் படி: எந்த லோடு, எந்த ஓட்டம்

ஆரம்பத்தில் கிடைப்பது பெரும்பாலும் சாதாரண மூடிய பெட்டி வண்டி, நீண்ட தூரம். டேங்கர், அபாயகரமான சரக்கு, பெரிய இயந்திரம் ஏற்றும் டிரெய்லர் இவற்றுக்குக் கூலி கூடுதல். ஆனால் தனிச் சான்றிதழும் அனுபவமும் கேட்பார்கள். ஐரோப்பாவில் அபாயகரமான சரக்குக்கு வேண்டிய ஏ.டி.ஆர். சான்றிதழ் ஐந்து வருடத்துக்குச் செல்லும். அமெரிக்காவில் உரிமத்திலேயே அதற்கான கூடுதல் அனுமதிக் குறிப்பு வாங்க வேண்டும். இந்தப் படிப்பை முதல் வருடத்திலேயே முடித்து வைத்தால், இரண்டாம் வருடம் கேட்கும்போது கையில் காகிதம் இருக்கும். முதல் வருட அனுபவத்தின் முக்கிய மதிப்பே இதுதான்: காப்பீட்டு நிறுவனங்கள் அனுபவமில்லாத டிரைவருக்கு அதிகக் கட்டணம் கேட்பதால், நல்ல சம்பளம் தரும் பல இடங்கள் ஒன்று இரண்டு வருடம் ஓட்டியவர்களைத்தான் எடுக்கின்றன.

குளிர்பதன வண்டியில் விகிதம் கொஞ்சம் கூடுதலாகச் சொல்வார்கள். காத்திருப்பும் கூடுதல், அதுவும் பெரும்பாலும் நள்ளிரவில். இரண்டாம் படிக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் சம்மதிக்க வேண்டாம். இரண்டு பேர் மாறி மாறி ஓட்டும் வண்டியில் சக்கரம் நிற்பதே குறைவு. வருமானம் நன்றாக இருக்கும். ஓடும் வண்டியில் தூங்க வருமா, கூட வருபவரை நம்பித் தூங்கலாமா என்பது பணக் கணக்குக்கு அப்பாற்பட்ட கேள்வி.

ஏழாம் படி: முதல் வருடத்தில் வண்டி வாங்காதீர்கள்

'சம்பளத்துக்கு எதற்கு ஓட்டுகிறாய், எங்கள் வண்டியையே தவணையில் எடுத்துக்கொள், முதலாளி ஆகிவிடு.' மூன்றாம் மாதமே யாராவது வந்து இப்படிச் சொல்வார்கள். வரவு பெரிய எண்ணாக இருக்கும். தவணை, டீசல், டயர், காப்பீடு, வரி, பராமரிப்பு எல்லாம் உங்கள் பக்கம் வந்திருக்கும். லோடு கொடுப்பதும் அவர்களே, தவணை வாங்குவதும் அவர்களே என்றால், லோடு குறைந்த மாதம் யார் தலையில் விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்க மத்தியப் போக்குவரத்துத் துறையின் கீழ் அமைந்த லாரி குத்தகைப் பணிக்குழு, இப்படிக் குத்தகையில் ஓட்டி வண்டியைச் சொந்தமாக்கும் ஒப்பந்தங்களை ஆராய்ந்து 2025 ஜனவரியில் அறிக்கை தந்தது. சீர்திருத்தினால் போதும் என்று அது சொல்லவில்லை, தடை செய்யவே பரிந்துரைத்தது.

சொந்த வண்டி வைத்து நன்றாக இருப்பவர்களும் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் சில வருடம் சம்பளத்துக்கு ஓட்டி, எந்தப் பாதையில் ரிட்டர்ன் லோடு கிடைக்கும், எந்த மாதம் சந்தை படுத்துவிடும், எந்தச் சத்தம் எந்தச் செலவைக் குறிக்கும் என்று தெரிந்த பிறகு வாங்கியவர்கள்.

எட்டாம் படி: நேர்காணலில் கேட்க வேண்டியவை

கேள்வி கேட்டால் வேலை தர மாட்டார்களோ என்று பயம் வேண்டாம். டிரைவர் தட்டுப்பாடு என்று நிறுவனங்களே புலம்புகிற தொழில் இது. அமெரிக்காவின் பெரிய நீண்டதூர நிறுவனங்களில் டிரைவர் மாற்ற விகிதம் பல ஆண்டுகள் 90 சதவீதத்துக்கு மேல் இருந்திருக்கிறது. அதாவது நூறு இருக்கைக்கு வருடத்தில் தொண்ணூறு பேருக்கு மேல் வந்து போகிறார்கள். அதில் ஓர் இருக்கை எப்போதும் காலியாகத்தான் இருக்கும்.

கேட்க வேண்டியது 'எவ்வளவு சம்பாதிக்கலாம்' என்பதை இல்லை. 'கடந்த ஆறு மாதத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் போன மாதம் எவ்வளவு வாங்கினார்கள்? பெயரை மறைத்து இரண்டு சம்பளச் சீட்டைக் காட்ட முடியுமா?' என்று கேளுங்கள். காட்டினால் பாதி வேலை முடிந்தது. வண்டி பட்டறையில் நிற்கும் நாளுக்கு என்ன? லோடு இல்லாமல் வழியில் தங்கினால் என்ன? வாரக் குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை உண்டா, அதைப் பெற எத்தனை நாள் பணியில் இருக்க வேண்டும்? ஏற்றி இறக்கும் கூலியாள் செலவு யாருடையது? எத்தனை நாளுக்கு ஒருமுறை வீட்டுக்கு அனுப்புவீர்கள்? கடைசிக் கேள்விக்கு 'அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்' என்று பதில் வந்தால், கணக்கில் அந்த மூன்றாவது எண்ணை இன்னும் குறைத்துப் போடுங்கள்.

நேர்காணலை முடித்துவிட்டு நேரே வீட்டுக்குப் போகாதீர்கள். வண்டிகள் நிற்கும் இடத்தில், டீ குடிக்கும் நேரமாகப் பார்த்து, இரண்டு டிரைவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். 'சம்பளம் எப்படி' என்று கேட்டால் மழுப்புவார்கள். 'அண்ணே, இந்தத் தடவை எங்கே நின்றீர்கள், எத்தனை மணி நேரம்?' என்று கேட்டுப் பாருங்கள். கொட்டிவிடுவார்கள்.

ஒன்பதாம் படி: உங்கள் கணக்கை நீங்களே எழுதுங்கள்

ஒரு சின்ன நோட்டு போதும். ஒவ்வொரு டிரிப்புக்கும் ஒரு பக்கம்: கிளம்பிய நேரம், மீட்டர் எண், கிடங்குக்குள் நுழைந்த நேரம், வெளியே வந்த நேரம், இறக்கிய நேரம், முடிந்தபோது மீட்டர் எண், கையிலிருந்து போன செலவு. கிடங்கின் வாசலில் நுழைவுச் சீட்டுக்கு நேரம் போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். காத்திருப்புக் கூலி உண்டு என்று ஒப்பந்தத்தில் இருந்தாலும், நேரத்தைக் காட்டும் காகிதம் இல்லாமல் அது வராது. என் மேசைக்கு வந்த சண்டைகளில் டிரைவர் சொன்னதே சரி என்று எனக்குத் தெரிந்தும் தர முடியாமல் போனவை பலவற்றில், இல்லாமல் போனது இந்தச் சீட்டுதான்.

சம்பளச் சீட்டு வந்ததும் நோட்டோடு ஒப்பிடுங்கள். விடுபட்ட டிரிப் இருந்தால் அந்த வாரமே போய்ச் சொல்லுங்கள்; மூன்று மாதம் கழித்துச் சொன்னால் யாருக்கும் நினைவிருக்காது. மாதக் கடைசியில் மூன்று எண்ணையும் போடுங்கள்: ஓட்டிய மணிக்கு, வேலை மணிக்கு, வெளியே இருந்த மணிக்கு எவ்வளவு. நடுவில் உள்ள எண் மாதத்துக்கு மாதம் ஏற வேண்டும், ஏனென்றால் உங்களுக்கு வாசல் தெரிந்துவிட்டது, ஆள் தெரிந்துவிட்டது, ரிவர்ஸ் ஒரே முயற்சியில் விழுகிறது. ஆறாம் மாதமும் அது முதல் மாதம் இருந்த இடத்திலேயே இருந்தால், நோட்டை எடுத்துக்கொண்டு லோடு ஒதுக்குபவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். எந்தக் கிடங்கில் எத்தனை மணி போகிறது என்று தேதியோடு காட்டினால், அவர்களாலும் சும்மா தலையாட்ட முடியாது. சில சமயம் பாதையையே மாற்றித் தருவார்கள்.

மாற்றித் தராவிட்டால், ஒரு வருடம் முடிந்ததும் வேறு இடம் பாருங்கள். விலகும்போது அனுபவச் சான்றிதழையும், கடைசிக் கணக்கையும், முன்பு பிடித்து வைத்த வைப்புத்தொகை ஏதும் இருந்தால் அதையும் எழுத்தில் கேளுங்கள். சாவியைத் திருப்பிக் கொடுக்கும் அன்று வண்டியை நாலு பக்கமும், மீட்டரையும், டீசல் முள்ளையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.